நிழலிலிருந்து உருவம் கண்டவர்

இராமச்சந்திரன் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும் அவர்கள் நினைவுக்கு வருபவர் ஒருவரே. 1980இல் இவ்வூர் மேற்குத் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரானவர் அவர். நான் எழுதப் புகுந்தது அவரைப் பற்றியன்று. அதே பெயர் கொண்ட ஓர் இயற்பியல் பேராசிரியரைப் பற்றி. உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் அவர் பெயரை உச்சரிக்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களில்தான் அப்பெயர் தெரியாது. ஆனால் கால் முறிந்து, இடுப்பு முறிந்து, சி.டி. ஸ்கேன் அறைக்குள் படுத்து வெளிவந்த நம் ஊரார் எத்தனையோ பேருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அது என்ன தொடர்பு என்பதை என்னால் இயன்றவரை சொல்ல முயல்கிறேன்.

ஜி. என். இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னுள்ள முதல் எழுத்து நெல்லைச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு ஆசிரியர்! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோருக்கு இது சற்றே ஏக்கம் தரும் செய்திதான். பின்னர் அவர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து, 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறினார்.

அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். இந்தப் பையனின் கூர்மையைக் கண்ட இராமன், மின்பொறியியல் துறைக்கு இவன் அளவுக்கு மீறிய அறிவாளி என்று சொல்லித் தம் துறைக்கே இழுத்துக்கொண்டாராம். இதில் இராமனுடைய குறும்பும் தெரிகிறது, கண்ணும் தெரிகிறது. இராமச்சந்திரன் அங்கே எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராயக் கற்றார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் உழைத்து இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை அமைக்கத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் ஆள் தேடினார். இராமன் கைகாட்டியது தம் மாணவரை. முப்பது வயது நிரம்பாத ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டியில் வந்து அமர்ந்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன என்று கலைப் பிரிவு நண்பர்கள் கேட்கக்கூடும். நம் உடம்பைக் கட்டி நிறுத்தும் நார் அதுதான். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார், மூட்டின் குருத்தெலும்பு, தோல், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எலும்பிலிருந்து சுண்ணச் சத்தை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டால் வளைகிற நாராக எஞ்சுவதும் பெரும்பாலும் அதுவே. தோல் என்றால் கிண்டிக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்வாய்ப்பு. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது தெளிவான படம் தந்தது அந்த வால்தான்.

கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட விடை இது: கொலாஜன் மூன்று புரிகள் சேர்ந்து முறுகிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடமில்லை. அதனால்தான் அந்த ஒழுங்கு. கிணற்றுக்கு வடம் முறுக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு மூன்று புரி ஏன் பிரியாமல் தாங்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கிரிக்கும் ரிச்சும் அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கண்டு ஒரு திருத்தம் சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அடிமுதல் ஆராய இறங்கினார் நம்மவர். அதன் விளைவுதான் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட, இன்று இராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் புகழ்பெற்ற படம். அதை விலங்கியல், வேதியியல் நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் எலும்புக்கே வருகிறேன்.

1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. அன்று தொட்டு எலும்பு முறிவுக்கு எக்ஸ்-ரே என்பது உலக வழக்காயிற்று. ஆனால் அது நிழல். வழியில் உள்ள எல்லாமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். முன்கை எலும்புக்கு அது போதும். முதுகெலும்பு, இடுப்புக் கிண்ணம், குதிகால் போன்ற சிக்கலான இடங்களில் எந்தச் சில்லு எங்கே கிடக்கிறது என்று நிழல் காட்டாது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் தந்தையார் சோழவந்தான் பக்கம் தென்னை ஏறிப் பிழைத்தவர். நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். காலூன்றி விழுகிறவர்களுக்கு முதலில் நொறுங்குவது குதிகால். ஊர் வழக்கப்படி முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். பத்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை. பிறகு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. எப்படி உடைந்திருக்கிறது என்பது தெரியவில்லை. மருத்துவர் ஸ்கேன் எழுதினார். அந்த வளையத்தைக் கண்ட தந்தையார், இது செக்கு மாதிரி அல்லவா இருக்கிறது, காலை அரைத்துவிடுமோ என்று பயந்தார். படம் வந்தபோது குதிகாலைக் கத்தரிக்காய் நறுக்கியது போலத் துண்டு துண்டாகக் காட்டியது. கணுக்காலோடு பொருந்தும் மேற்பரப்பு உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தித் தகடும் திருகும் வைக்காவிட்டால் ஊன்றி நடப்பது கடினம் என்று மருத்துவர் அம்மாவிடம் விரல் வைத்துக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தப் படம் விளங்கியது. அப்பா இப்போது மரம் ஏறுவதில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடந்து போய் வருகிறார்.

நறுக்காமல் நறுக்கிக் காட்டுவது எப்படி? மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 985 தூண்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு தூண் இன்னொன்றை மறைக்கும். சுற்றி வந்து நூறு இடங்களிலிருந்து பார்த்தவன், உள்ளே போகாமலே எந்தத் தூண் எங்கே நிற்கிறது என்று தரையில் வரைந்துவிடலாம். ஸ்கேன் வளையத்துக்குள் எக்ஸ் கதிர்க் குழாய் சுற்றுவது இதற்காகத்தான்.

ஆனால் வரைவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பித் தாளில் பூசினால், பூச்சுகள் சந்திக்கும் இடத்தில் தூண் தெரியும். அதைச் சுற்றி மை ஊறியது போல் கறையும் படரும். எலும்பின் மெல்லிய வெடிப்பு அந்தக் கறையில் மூழ்கிப் போகும். ஃபூரியே உருமாற்றம் என்னும் கணிதத்தால் கறையைப் போக்கலாம் என்று முன்பே தெரியும். நிழலை அலைகளாகப் பிரித்து, சேர்த்து, மறுபடி படமாக மாற்ற வேண்டும். அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெருஞ்சுமை.

1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அலைகளாகப் பிரிக்கவே வேண்டாம் என்றது அது. நிழலை எண் வரிசையாக எழுதிக்கொள். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் இரு பக்கத்து அண்டை எண்களில் நூற்றுக்கு நாற்பதரைப் பங்கு வீதம் கழி. அடுத்ததைத் தொடாதே. மூன்றாவதில் நூற்றுக்கு நாலரைப் பங்கு கழி, நான்காவதை விடு, ஐந்தாவதில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். இப்படியே ஒற்றைப்படை இடங்களில் மட்டும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போ. பிறகு திருப்பிப் பூசு. கறை மறைந்துவிடும்.

இதை நான் ஒரு கோடு போட்ட தாளில் செய்து பார்த்தேன். ஒற்றைத் தூணின் நிழல் 100 என்றும் மற்ற இடமெல்லாம் சுழியம் என்றும் வைத்துக்கொண்டால், நடுவில் 100, இரு பக்கமும் கழித்தல் 40.5, பிறகு சுழியம், பிறகு கழித்தல் 4.5 என்று வருகிறது. வரிசை முழுவதையும் கூட்டினால் சுழியத்தை நோக்கிப் போகிறது. ஒரு திசையின் கழித்தல், மற்றத் திசைகளின் கறையைத் தின்றுவிடுகிறது. பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும். எல்லா நிழலும் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வந்த நிழலை வந்தவுடனே கணக்கிட்டுவிடலாம். சென்ற ஆண்டு நம் கணிதப் பேராசிரியர் ஃபூரியே தொடர் நடத்தியபோது இது எதற்கு உதவும் என்று பின்வரிசையில் முணுமுணுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஹௌன்ஸ்ஃபீல்டு தம் இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். அவருடைய முன்மாதிரி இயந்திரம் 180 திசைகளில், திசைக்கு 160 அளவுகள் எடுத்தது. 28,800 எண்கள்! அவற்றைப் படமாக்க அவர் கையாண்டது வேறு முறை. பெரிய கணிப்பொறியில் இரண்டரை மணி நேரம் பிடித்தது. பின்னர் வந்த ஸ்கேன் இயந்திரங்கள் திருத்திப் பூசும் முறைக்கு மாறின. பல பத்தாண்டுகள் அதுவே ஆட்சி செய்தது. 1979இல் ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம்மவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இயந்திரத்தைக் கட்டியவர் ஹௌன்ஸ்ஃபீல்டு. கணக்கை முன்பே எண்ணிப் பார்த்தவர் கார்மாக். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள். ஆயினும் கணிப்பொறி எளிதாகச் செரிக்கும் வடிவில் அதை எண்களாக்கிக் கொடுத்தவர்கள் இவ்விருவர். பொறியாளர்கள் இன்றும் அதை ராம்-லாக் வடிகட்டி என்று இருவர் பெயரையும் சுருக்கியே அழைக்கிறார்கள்.

இன்று எலும்பு மருத்துவர் கத்தியை எடுக்குமுன்பே திருகு எவ்வளவு நீளம், எந்தக் கோணம் என்று படத்தில் அளந்துகொள்கிறார். அறுவை அறையில் சி-ஆர்ம் என்னும் எக்ஸ் கதிர்க் கருவி நிழலை உடனுக்குடன் திரையில் காட்டுகிறது. முதுகெலும்பில் காசநோய் என்று ஐயம் வந்தால், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தித் தண்டுவடத்தைத் தீண்டாமல் துளி திசுவை எடுத்துவிடுகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் கருவியின் முனை எங்கே நிற்கிறது என்பதைப் படத்தின்மீதே காட்டும் ஏற்பாடும் வந்துவிட்டது. தசைநார் கிழிந்தால் மட்டும் எம்.ஆர்.ஐ.தான் நன்றாகக் காட்டும். அந்தக் கிழிந்த நாரும் கங்காரு வாலில் கண்ட அதே முப்புரிக் கயிறுதான்.

இராமச்சந்திரன் சென்னையை விட்டு, சில காலம் சிகாகோவிலும் பின்னர் பெங்களூரிலும் பணியாற்றினார். அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பிற்காலத்தில் இந்தியத் தருக்க நூல்களைக் கணித வடிவில் எழுத முயன்றார். அதை எத்தனை பேர் பின்பற்றினார்களோ, அவர் மனம் ஓரிடத்தில் ஓயவில்லை என்பது மட்டும் உறுதி. 1998இல் மனைவி இராஜலட்சுமி அம்மையார் மறைந்தது அவரை ஒடித்துவிட்டது. பார்க்கின்சன் நோய் கை கால்களை முடக்கியது. 1999இல் உலகப் படிகவியல் சங்கம் ஈவால்டு பரிசை அவருக்கு வழங்கியது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.