குருதியில் ஏது நிறபேதம்?

இரத்தத்தின் நிறம் என்ன? சிவப்பு! வெள்ளையர் உடலிலும் சிவப்பு, கருப்பர் உடலிலும் சிவப்பு. பள்ளிப் பிள்ளையும் அறிந்த இந்த உண்மையை, பட்டமும் பதவியும் பெற்ற அமெரிக்கப் பெரியவர்கள் ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலே வாழ்ந்த டாக்டர் சார்லஸ் டிரூவின் வரலாற்றைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1904 இல் வாஷிங்டன் நகரில், கருப்பினக் குடும்பத்தில் பிறந்தார் டிரூ. தந்தை தரைவிரிப்பு பதிக்கும் தொழிலாளி. மகனோ தெருவிலே பத்திரிகை விற்ற சிறுவன். 1920 இல் தங்கையை நோய் கொண்டு போயிற்று. அந்தச் சாவு, மருத்துவத்தின்பால் அவர் மனத்தைத் திருப்பிற்று.

ஆசை இருந்தது, காசு இருந்ததா? இல்லை! 1926 இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலே பட்டம் பெற்றவர், இரண்டாண்டுக் காலம் பால்டிமோரில் மார்கன் கல்லூரியிலே வேலை பார்த்தார். வகுப்பறையிலே உயிரியலும் வேதியியலும் போதித்தார். மைதானத்திலே மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சி தந்தார். மிச்சம் பிடித்த பணத்தோடு கனடா சென்று, மக்கில் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். 1933 இல், 137 பேர் படித்த வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார்!

அத்தோடு நின்றாரா? நியூயார்க்கிலே, கொலம்பியா பல்கலைக்கழகத்திலே, அறுவை மருத்துவப் பயிற்சி ஒருபுறம், இரத்தத்தைக் கெடாமல் சேமித்து வைக்கும் ஆராய்ச்சி மறுபுறம். இரண்டு சுமையையும் ஒரே தோளில் ஏற்றினார். 1940 இல், அங்கே மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கருப்பர் ஆனார்.

அதே ஆண்டு இட்லரின் குண்டுகள் லண்டன் மீது விழுந்தன. நியூயார்க்கிலே இரத்தம் திரட்டி, அதிலிருந்து பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதியைப் பிரித்து, பிரிட்டனுக்கு அனுப்பும் பணியை நடத்தும் பொறுப்பு டிரூவிடம் வந்தது. 14,000க்கும் மேற்பட்ட கொடைகள் திரண்டன. வெள்ளையர் உயிர் காக்க உழைத்தது ஒரு கருப்பரின் அறிவு!

கைம்மாறு என்ன தெரியுமா? அமெரிக்கப் படைக்காக இரத்தம் திரட்டிய செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கருப்பர் இரத்தமே வேண்டாம் என்றது. 1942 இல் வாங்கிக்கொள்ள இசைந்தது. ஆனால் தனியே வைத்தது! புட்டியிலும் பேதம்! இதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று டிரூ எடுத்துரைத்தார். ஹோவர்டு பல்கலைக்கழகத்திலே கருப்பின இளைஞர்களை அறுவை மருத்துவர்களாக உருவாக்கினார்.

1950 ஏப்ரல் 1. டஸ்கிகீ ஊரிலே நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு நண்பர்களோடு இரவெல்லாம் பயணம். உழைத்துக் களைத்த கண்கள் காரோட்டும்போதே மூடின. கார் கவிழ்ந்தது, டிரூ மறைந்தார். கருப்பர் என்பதால் வெள்ளை மருத்துவர்கள் கைவிட்டனர் என்று ஒரு கதை பரவிற்று. அது உண்மையன்று, அவரைக் காப்பாற்ற அவர்கள் முயன்றார்கள். நமக்கு வாய்ப்பான கதையாயினும் பொய்யைப் பொய் என்றே சொல்வோம், அதுதான் பகுத்தறிவு. புட்டியிலே பேதம் பார்த்த கொடுமையே போதுமான குற்றச்சாட்டு! அந்தக் கொடுமையைச் செஞ்சிலுவைச் சங்கம் கைவிட்டதும் அதே 1950 இல்தான். காண அவர் இல்லை.

வியர்வை சிந்தி மகனைப் படிக்க வைக்கும் தோழனே! பட்டம் வாங்கி வரும் மகனிடம், சம்பளம் எவ்வளவு என்று கேள், தவறில்லை. உன் படிப்பு யாருக்குப் பயன்படும் என்பதையும் சேர்த்துக் கேள்!