ஸ்ரீ நிரஞ்சனானந்த சுவாமிகள்

துறவு பூண்டார்க்கு உடன்பிறப்பு ஏது என வினவுவோர் உளர். பகவான் ரமண மகரிஷிகளுடைய தம்பியார் வரலாற்றை அன்னோர் அறிதல் வேண்டுமென யாம் விழைகின்றோம்.

திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன் 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அருணையை அடைந்து மோனத்தில் அமர்ந்த காலத்தில், இளையவர் நாகசுந்தரம் சிறு பாலகர். பாதாள லிங்கத்தருகே சிறுவர் கல்லெறிய, அவ்விளந்துறவியைக் காத்தவர் நம் காஞ்சியில் வளர்ந்த சேஷாத்திரி சுவாமிகளேயென்பது நம்மூரார் மகிழத்தக்கது. 1898-இல் அன்னை அழகம்மையார் பவழக்குன்றிற்கு வந்து அழுது அழைத்தும் மகரிஷிகள் எழுந்திலர்.

நாகசுந்தரமோ இல்லறம் புகுந்து, மனைவியாரை இழந்தவர். 1916-இல் மூத்தவரிடம் சென்று தங்கிய அன்னையாரைத் தொடர்ந்து, இளமகனைச் சுற்றத்தாரிடம் விடுத்து, தாமும் மலையேறினார். ஊருக்குட் பிச்சை ஏற்றுண்டார். காவியுடுத்து நிரஞ்சனானந்தர் எனப் பெயர் பூண்டார். அடியார்க்குச் 'சின்ன சுவாமி' ஆயினார்.

1922-இல் அன்னையார் மறைந்தபின், மலையடிவாரத்துச் சமாதியருகே தம்பியார் தங்கி வழிபாடாற்றினார். நாள்தோறும் இறங்கி வந்து மீண்ட மகரிஷிகள், அவ்வாண்டிறுதியில் ஒருநாள் மலைக்குத் திரும்பாது அங்கேயே அமர்ந்துவிட்டார். தம்பி தமையனைத் தேடி வந்தது பெரிதன்று. எவர் அழைத்தும் அசையாத தமையன் தம்பியிருந்த இடத்திற்கு வந்ததே எமக்கு வியப்பாகின்றது.

மகரிஷிகள் எதனையும் வேண்டிலர். அடுக்களை, கணக்கு, கட்டடம் யாவும் இளையவர் தலைமேலன. கண்டிப்பு மிக்கவரென அடியார் சிலர் அவரை நொந்ததுமுண்டு; வருவோர் பசியாற ஒருவர் கண்டிப்பாக இருத்தல் வேண்டுமன்றோ! அன்னையார் சமாதிமேல் அவர் எழுப்பிய கற்கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நிகழ்ந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி மகரிஷிகள் உடல் நீத்தார். 1953-இல் தம்பியாரும் மறைந்தார்.