லூதர் சேர்த்த ஒரே ஒரு சொல்: 'மட்டும்' என்பதில் என்ன சண்டை?

மார்ட்டின் லூதர் என்றதும் தேவாலயக் கதவில் ஆணியடித்த காகிதம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் 500 வருஷமாக வாதாடுவது வேறொரு கேள்வியில்: கடவுள் முன்பு ஒருவர் எப்படி நீதிமான் ஆகிறார்? லூதருக்கு இது தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

1483-ல் ஜெர்மனியின் ஐஸ்லேபனில் பிறந்தார். தாமிரச் சுரங்கத் தொழிலில் முன்னுக்கு வந்த அப்பா, மகனை வக்கீலாக்க நினைத்தார். 1505 ஜூலையில் இடி மின்னலில் சிக்கிய லூதர், பிழைத்தால் துறவியாவதாகப் புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். இரண்டே வாரத்தில் எர்ஃபர்ட் நகரில் மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கடும் கோபம்.

மடத்திலும் நிம்மதி இல்லை. நோன்பு இருந்தார், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தார். எல்லாப் பாவத்தையும் சொல்லிவிட்டோமா, வருந்தியது உண்மைதானா என்ற சந்தேகம் தீரவில்லை. நமக்கு இது மிகையாகத் தெரியலாம். நரகத்தை நிஜமென்று நம்பியவருக்கு அப்படி இல்லை.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பைபிள் பாடம் நடத்தும்போதுதான், பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் பதில் கிடைத்தது. நீதி என்பது கடவுள் நம்மிடம் கேட்கும் கணக்கு அல்ல, அவரே தரும் பரிசு என்று புரிந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் 'பாவமன்னிப்புச் சீட்டு' விற்பனை. உண்மையில் அது பாவத்துக்கு மன்னிப்பு அல்ல. மன்னித்த பிறகும் மிச்சமிருக்கும் தண்டனைக்குத் தள்ளுபடி. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட. மீதி, மைன்ஸ் பேராயர் பதவிக்காக வாங்கிய கடனை அடைக்க. 1517 அக்டோபர் 31-ல் 95 கருத்துகளை எழுதி அந்தப் பேராயருக்கே அனுப்பினார் லூதர். 1521-ல் திருச்சபை அவரை நீக்கியது.

சரி, சண்டை எங்கே? லூதர் சொன்னதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். தேர்வில் நீங்கள் ஃபெயில். ஆனால், கிறிஸ்து வாங்கிய நூற்றுக்கு நூறு உங்கள் பெயரில் பதிவாகிறது. நீங்கள் அதை நம்பி ஏற்றுக்கொண்டால் போதும். நல்ல செயல்கள் மார்க்குக்காக அல்ல; பாஸான சந்தோஷத்தில் தானாக வருபவை.

கத்தோலிக்கத் தரப்பும் அருள் இலவசம், முதல் அடி கடவுளுடையது என்றே சொல்கிறது. ஆனால் பதிவேட்டில் மாற்றினால் போதாது, மாணவரே மாற வேண்டும். அருள் உள்ளே இறங்கி ஆளை மாற்றும். அவரும் ஒத்துழைக்க வேண்டும். நற்செயலால் அது வளரும், சாவான பாவத்தால் இழந்தும் போகலாம். ஆக, காசு கொடுத்தால் சொர்க்கம் என்பது கத்தோலிக்கப் போதனை இல்லை. நம்பிவிட்டு எப்படியும் வாழலாம் என்பது லூதரின் போதனையும் இல்லை.

1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது, ரோமர் நிருபத்தில் விசுவாசத்தைப் பற்றிய வரியில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அது இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. ஜெர்மன் நடைக்கு அது தேவை, பவுலின் கருத்தும் அதுதான் என்றார். நியாயமான பதில்தான், ஆனால் செயலற்ற விசுவாசம் செத்தது எனும் யாக்கோபு நிருபத்தை அவர் மட்டம்தட்டியது அவசரம்.

1541-ல் ரீகன்ஸ்பர்க்கில் இரு தரப்பு அறிஞர்களும் இந்த விஷயத்தில் ஒரு பொது வாசகத்துக்கே வந்துவிட்டார்கள். ரோமும் ஏற்கவில்லை, லூதரும் ஏற்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் எழுத்தில் கசப்பு ஏறியது. 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல் அவர் பெயரில் படிந்த கறை. 1546 பிப்ரவரி 18-ல், பிறந்த ஊரிலேயே இறந்தார்.

பதினொரு மாதம் கழித்து, 1547 ஜனவரியில் திரெந்து பொதுச்சங்கம் அந்த 'மட்டும்' போதனையைக் கண்டித்தது. 1999 அக்டோபர் 31-ல்தான் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பு. அடிப்படையில் உடன்பாடு, பழைய கண்டனங்கள் இந்த அறிக்கை சொல்லும் போதனைக்குப் பொருந்தாது என்றார்கள். நீதிமானாக்கப்பட்டவர் இன்னமும் பாவிதானா என்ற கேள்வியில் இரு தரப்பும் இன்றும் வேறுவேறு விதமாகவே பேசுகின்றன.