சுங்கச் சாவடிச் சித்திரக்காரர்

ரூஸோ என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தில், அரசியலில் ஈடுபட்ட நம் நேயர்களுக்கு 1762-ஆம் வருஷத்தில் சமுதாய ஒப்பந்தத்தைப் பற்றி நூலெழுதிய பேரறிஞரே நினைவுக்கு வருவார். நாம் இன்று சொல்லப் புகுவது அவருடைய சரித்திரமன்று. அவர் காலமாகிச் சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே பெயருடன் பாரிஸ் நகரத்தில் வாழ்ந்த ஓர் ஏழைச் சிப்பந்தியின் சரித்திரம்.

ஹென்றி ரூஸோ 1844-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி பிரெஞ்சு தேசத்தின் மேற்கிலுள்ள லவால் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தகர வேலை செய்பவர். கடன் மிகுந்து குடியிருந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் சித்திரத்திற்கும் சங்கீதத்திற்கும் பரிசு பெற்ற சிறுவர் மற்றப் பாடங்களில் பிரகாசிக்கவில்லை. பின்னர் ஒரு வக்கீலிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே சிறு தொகையையும் சில தபால் முத்திரைகளையும் எடுத்துக்கொண்ட குற்றத்திற்கு ஆளாகி, தண்டனைக்கு அஞ்சி 1863-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்படியும் ஒரு மாதச் சிறைவாசம் தப்பவில்லை. ஒருவருடைய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர் அவருடைய குற்றங்களை மறைத்தல் தகாதாகையால் இதனை இங்கே குறித்தோம்.

1868-ல் தகப்பனார் இறக்கவே, விதவையான தாயாரை முன்னிட்டுப் பட்டாளத்திலிருந்து விடுதலை பெற்றுப் பாரிஸ் நகரம் சேர்ந்தார். 1871-ல் நகரத் தீர்வை இலாகாவில் ஒரு சிறு உத்தியோகம் கிடைத்தது. வெளியூரிலிருந்து நகரத்திற்குள் வரும் திராட்சை மது முதலிய பண்டங்களுக்கு வாயில்களில் தீர்வை வாங்குவது அக்காலத்து வழக்கம். அச்சாவடிகளில் வண்டிகளைச் சோதித்துக் காவலிருப்பதே அவருடைய வேலை. பிற்காலத்தில் நண்பர்கள் அவரைச் சுங்க அதிகாரி என்று வேடிக்கையாக அழைத்தார்கள். அப்படியொரு பதவியை அவர் ஒருநாளும் வகித்ததில்லை. வீட்டிலோ துக்கம் மிகுந்திருந்தது. பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் சிறு பிராயத்திலேயே மாண்டனர். 1888-ல் மனைவியும் காலஞ்சென்றார்.

நாற்பது பிராயத்தை எட்டிய இம்மனிதர்தாம் தூரிகையைக் கையில் எடுத்தார். எந்தக் கலாசாலையிலும் அவர் பயின்றவரல்லர். 1884-ல் லூவ்ர் காட்சிசாலையிலுள்ள படங்களைப் பார்த்து எழுத அநுமதி பெற்றார். அதே வருஷத்தில் பாரிஸில் சுயேச்சைச் சித்திரக்காரர்களின் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் கண்காட்சியில் தேர்வுக் குழுவும் இல்லை, பரிசும் இல்லை. கட்டணம் செலுத்தும் எவரும் தம் படத்தை வைக்கலாம். அந்தத் திறந்த கதவு இல்லாதிருந்தால் ரூஸோவை உலகம் அறிந்திராது. 1886 முதல் ஏறக்குறைய வருஷந்தோறும் அவர் தம் படங்களை அங்கே கொண்டுசென்று வைத்தார். ஜனங்கள் அவற்றின் முன் கூடிச் சிரித்தார்கள். பத்திரிகைகளும் பரிகசித்தன. அப்பரிகாச வரிகளையெல்லாம் அவர் கத்தரித்து ஒரு புத்தகத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, மறுவருஷத்துப் படத்தை எழுதலானார்.

சிரித்தவர்கள் கண்டது யாது? தூரமும் அண்மையும் அளவுக்குப் பொருந்தவில்லை. இலைகள் மரம்போல் வளர்ந்து நின்றன. பூக்கள் மனிதர் தலையினும் பெரியனவாக இருந்தன. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் 1891-ல் அவர் காட்டிய படத்தில் புயலில் வளையும் புதர்களுக்கிடையே ஒரு புலி பதுங்கி நிற்கிறது. 1897-ஆம் வருஷத்துப் படத்தில் நிலவொளி வீசும் பாலைவனத்தில் நாடோடிப் பெண்ணொருத்தி உறங்குகிறாள். அருகே ஒரு வாத்தியமும் தண்ணீர்க் கூஜாவும் இருக்கின்றன. சிங்கம் ஒன்று அவளை முகர்ந்து பார்க்கிறது, தீங்கு செய்யவில்லை. இப்படத்தை வாங்கிக்கொள்ளும்படி 1898-ல் சொந்த ஊரின் நகரத் தலைவருக்கு எழுதினார். ஊரார் வேண்டாமென்றனர்.

அவர் பட்டாளத்துடன் மெக்ஸிகோ தேசம் சென்று அங்குள்ள காடுகளைக் கண்டவர் என்று ஒரு கதை பரவிற்று. பிரெஞ்சு தேசத்தை விட்டு அவர் வெளியே சென்றதேயில்லை. பாரிஸ் தாவரத் தோட்டத்தில் கண்ணாடிக் கூடங்களுக்குள் வளர்த்த உஷ்ணதேசச் செடிகளும், மிருகக் காட்சிசாலையும், பாடம் செய்து வைத்த விலங்குகளுமே அவர் கண்ட வனம். 1893-ல் சொற்ப உபகாரச் சம்பளத்துடன் வேலையினின்று விலகிய பின், அக்கம்பக்கத்தாருக்குச் சித்திரமும் பிடிலும் கற்பித்து வயிறு வளர்த்துக்கொண்டு, அந்தச் சிறு தோட்டத்திலிருந்து பெருங்கானகங்களைப் படைத்தார்.

1907-ஆம் வருஷக் கடைசியில் மீண்டும் ஒரு வினை வந்தது. அறிமுகமான ஒருவன் பேச்சைக் கேட்டு வங்கி மோசடி ஒன்றில் சிக்கிச் சிறை புகுந்தார். 1909 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவருடைய வக்கீல் கட்சிக்காரர் சூதறியாத பேதை என்பதை நிரூபிக்க, அவர் எழுதிய படத்தையும், பரிகாச வரிகள் ஒட்டிய அந்தப் புத்தகத்தையுமே சாட்சியமாகக் காட்டினார். இரண்டு வருஷத் தண்டனையும் 100 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டு, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வக்கீலை நாம் குறை கூறோம். அதே தொழிலில் பழகியவராகிய நாமும் கட்சிக்காரரைக் காக்க அதையே செய்திருப்போம். ஆனால் அன்று நியாயஸ்தலத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். இருபது வருஷத்திற்கு மேற்பட்ட உழைப்பு, அறியாமைக்கு அத்தாட்சியாக ஜூரிகள் முன் வைக்கப்பட்டது. அவர் உடல் தப்பியது. அவர் கலைக்கோ அங்கே வாதாட ஒருவரும் இல்லை.

அதற்காக வாதாட முன்வந்தோர் இளைஞர்கள். பிக்காஸோ என்னும் ஸ்பானியச் சித்திரக்காரர் பழஞ்சாமான் கடையொன்றில் ரூஸோ எழுதிய ஒரு பெண்ணின் படத்தை ஐந்து பிராங்குக்கு வாங்கினார். 1908-ல் தம் அறையில் கிழவருக்கு ஒரு விருந்தும் நடத்தினார். கவி அப்போலினேர் முதலியோர் கூடினர். ரூஸோவை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தினர். அவர் பிடில் வாசித்தார். அவ்விருந்தில் பாதி கேலி, பாதி மரியாதை என்பர். கிழவருக்கோ முழுவதும் மரியாதையாகவே தோன்றிற்று.

1910-ல் சுமார் 10 அடி அகலமுள்ள கடைசிப் பெரும்படத்தைக் காட்டினார். நிலவொளிக் காட்டின் நடுவே சிவந்த ஸோபாவில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள்; கரிய நிறத்தான் ஒருவன் குழலூதுகிறான்; சிங்கங்கள் இலைகளினூடே எட்டிப் பார்க்கின்றன. கனவு என்பதே அதன் பெயர். அவ்வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி, கால் அழுகும் நோயால், ஆஸ்பத்திரியில் தமது 66-ஆம் பிராயத்தில் காலமானார். ஏழைகளின் குழியில் புதைத்தார்கள். உடன் சென்றவர் எழுவர்.

மறுவருஷமே, ஜனங்கள் சிரித்த அதே கண்காட்சியில் அவருடைய படங்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அவர் எழுதிய பாம்பாட்டிப் படம் 1937-ல் லூவ்ர் புகுந்தது. ஊரார் மறுத்த நாடோடிப் பெண்ணின் படம் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் இருக்கிறது. 1947-ல் லவால் நகரம் அவருடைய எலும்புகளை வரவழைத்துத் தன் பூந்தோட்டத்தில் அடக்கம் செய்தது. 1967-ல் அவ்வூர்ப் பழைய கோட்டையில் இத்தகைய கலைக்கென்றே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. 2023-ல் அவருடைய படம் ஒன்று ஏலத்தில் நாலரைக் கோடி டாலரை நெருங்கிய விலைக்குப் போயிற்று.

விலையைக் கொண்டு நாம் அவரை மதிக்கவில்லை. அவர் புரட்சிக்காரரும் அல்லர். அரசாங்கத்தார் மெச்சிய சித்திரக்காரர்களிடம் அவருக்குப் பக்தி. பதக்கம் ஒன்று கிடைக்காதா என்று இறுதிவரை ஏங்கியவர். தம் கண் கண்டதைத் தம் கை அறிந்தபடி எழுதுவதை மட்டும் எவருடைய சிரிப்புக்காகவும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பட்டமும் பரீட்சையும் பெற்ற நம்போன்றோர் அன்று அக்கண்காட்சிக்குச் சென்றிருந்தால் என்ன செய்திருப்போம்? சிரித்திருப்போம் என்றே அஞ்சுகிறோம். கல்லாதவன் கைவேலை ஒன்று நம் முன் வரும்போது, அவன் எங்கே படித்தான் என்று கேட்பதற்கு முன், அவன் செய்ததைச் சற்று நின்று பார்ப்பது நம் கடமை.