கழற்றிப் பார்த்த மனிதர் ஜி.டி. நாயுடு

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)

டிப்ளமோ முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று நம்மில் யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, சென்னையிலோ ஓசூரிலோ கம்பெனி வேலை. இன்னொன்றைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வோம்: சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும். எதுக்கு ஆரம்பிக்கணும் என்று மறுபடி கேட்டால் முழிப்போம். அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் கோவை ஜி.டி. நாயுடு.

அவர் 1893 மார்ச் 23இல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்று போனது. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, இது எப்படி ஓடுது என்ற ஒரே கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். அவர் படித்த பாலிடெக்னிக் அதுதான்!

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். கையில் பணம் சேர்ந்தது. பம்பாய்க்குப் போய் அதை இழந்துவிட்டுத் திரும்பினார். அதோடு ஒடுங்கி உட்காரவில்லை. ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் கடனுக்கு ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சி – பழனி வழியில் தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் வளர்ந்து, யு.எம்.எஸ். என்று ஊரெல்லாம் பேசிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது.

பஸ் முதலாளி என்ற பெயரே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் வெளிநாடுகளுக்குப் போய் வந்தபோதெல்லாம் அங்கே பார்த்ததை இங்கே செய்ய முடியாதா என்றுதான் யோசித்தார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரை உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் கைபட்டவை பல.

நண்பர்களே, மோட்டார் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருஷம் குறுவையைக் காப்பாற்றுவது போர் மோட்டார்தானே! எங்கள் வீட்டில் படிப்பு என்று வெளியே வந்த முதல் ஆள் நான். மோட்டார் நின்று போனால் நாற்றங்காலைப் பார்த்து அப்பா நிற்கும் நிலை எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும்.

நாயுடு நமக்கு இன்னொரு விதத்திலும் உறவு. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரப் பொருளும் உழைப்பும் தந்தவர் அவர். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்று வகுப்புகூடச் சரியாகப் படிக்காதவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் கற்றுத் தரலாம் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். 1952இல் 2000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றைத் தயாரித்துக் காட்டினார். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. திறமை இருந்தால் கதவெல்லாம் தானாகத் திறக்கும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கணும். 1974 ஜனவரி 4இல் அவர் மறைந்தார்.

அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். முதலாளி ஆகணும் என்ற ஆசையில் அவர் ஆரம்பிக்கவில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாகணும், தெரிந்ததும் அதை நாலு பேருக்குப் பயன்படும்படி செய்யணும் என்ற தவிப்புதான் முன்னால் வந்தது. கம்பெனி பின்னால் வந்தது.

நமக்கும் வேலை கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று சொல்லி, வாசலிலேயே நெல்லைக் கொட்டிக் காய வைத்துக் கிடக்கிறார்கள் நம் பெற்றோர். களத்திலேயே ஈரம் பார்க்க மலிவான ஒரு கருவி, அடிக்கடி காயில் போகாத ஒரு மோட்டார்... இவற்றை யார் செய்வது? வீட்டில் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்களே என்கிறீர்களா? நியாயம்தான். சர்வர் வேலை பார்த்துக்கொண்டேதான் அவரும் காசு சேர்த்தார். நாமும் வேலைக்குப் போவோம், சம்பாதிப்போம், வீட்டைப் பார்ப்போம். ஆனால் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டாம். பெயர்ப் பலகையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் ஒன்றைக் கழற்றிப் பார்ப்போம், வாருங்கள்!