செல்லோபேன் தாள் தந்த ஆறு ஆண்டுகள்: ஐன்ஸ்டீனின் உயிரைப் பறித்த இரத்தக்குழாய் வீக்கம்

1922 நவம்பரில் ஜப்பான் செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். ஜெருசலேம் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டுவதும் அந்த வருகையின் நோக்கம். சில நாளில், கடல் பயணத்திலேயே, நோபல் பரிசுச் செய்தி அவரை எட்டியது. 1923 ஜனவரியில் திரும்பும்போது மலாக்காவையும் பினாங்கையும் பார்த்துவிட்டுப் போனார். அப்போது அவருக்கு வயது 43. கையில் எப்போதும் புகைக்குழாய்.

மருத்துவர்கள் பலமுறை எச்சரித்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பிற்காலத்தில் அடிக்கடி வயிற்று வலி வந்தது. 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் யூத மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்தார் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன். இவரும் ஐன்ஸ்டீனைப் போலவே ஹிட்லர் ஆட்சியின் காரணமாக ஜெர்மனியைத் துறந்த யூதர்.

இதயத்திலிருந்து வயிற்று வழியாக இறங்கும் பெருந்தமனி, கிரேப்ஃப்ரூட் பழம் அளவுக்கு, அதாவது ஓர் ஆரஞ்சைவிடப் பெரிதாக, வீங்கியிருந்தது. வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து மாற்றுக்குழாய் வைக்கும் முறை அன்று கைகூடவில்லை. பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட் அதைச் சாதித்தது 1951-இல்தான். எனவே நிஸ்ஸன், பண்டங்களைச் சுற்றும் செல்லோபேன் தாளை எடுத்து வீக்கத்தைச் சுற்றிக் கட்டினார். உடல் அந்த அந்நியப் பொருளை எதிர்த்துத் தழும்புத் திசுவை வளர்க்கும். அது குழாய்ச் சுவருக்கு அணை கட்டியதுபோல் இருக்கும் என்பது கணக்கு. இன்று கேட்டால் ஒட்டுவேலை போலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒட்டுவேலை ஆறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது.

இந்த வீக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் வளர்வது. வெடித்துவிட்டால் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனையை எட்டுவதற்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே கண்டறிந்து, நாள் குறித்துச் செய்யும் அறுவையில் நூற்றுக்குச் சிலரைத்தான் இழக்கிறோம். சில நிமிடத்தில் முடியும் வலியில்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்களுக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில், எப்போதாவது புகைபிடித்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. சிறிய வீக்கமாக இருந்தால் கண்காணிப்பு மட்டும்; 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் பொதுவாக அறுவை பற்றிப் பேசுவார்கள்.

ஐன்ஸ்டீன் காலத்தில் இந்த வசதி இல்லை. 1955 ஏப்ரலில், அணு ஆயுதங்களுக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்ட இரண்டு நாளில், பிரின்ஸ்டன் நகர வீட்டில் அவர் சுருண்டு விழுந்தார். வீக்கம் கசியத் தொடங்கியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்க் கிளென் என்ற அறுவை மருத்துவர் அறுவைக்கு யோசனை சொன்னார். மாற்றுக்குழாய் வைக்கும் முறை அப்போது வந்திருந்தாலும் அவசர நிலையில் ஆபத்து மிக அதிகம். செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் தமக்கு விருப்பமில்லை என்று மறுத்துவிட்டார் ஐன்ஸ்டீன். அவருக்கு வயது 76.

மருத்துவமனைப் படுக்கையில் மூக்குக் கண்ணாடியையும், பாதியில் விட்ட கணக்குத் தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். ஏப்ரல் 18 அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு வீக்கம் முழுதாக வெடித்தது. கடைசியாக ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அருகிலிருந்த தாதிக்கு ஜெர்மன் தெரியாது.