நட்பின் வழியே நற்செய்தி: மத்தேயு ரிச்சி அடிகளார்



யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நம் ஆலயத்தை எழுப்பிய குருக்களையும் முன்னோரையும் நன்றியோடு நினைக்கிறோம். அவர்களோடு, பிற சமயத்தாரிடையே வாழும் நமக்கு வழிகாட்டக்கூடிய ஒரு குருவானவரின் வாழ்க்கையையும் இம்மலரில் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீன நாட்டிற்குள் கால்வைக்க இயலாமலே, அதன் கரையை அடுத்த ஒரு தீவில் புனித சவேரியார் உயிர் துறந்தார். அதற்கு இரு மாதங்களுக்கு முன், அக்டோபர் 6-ஆம் நாள், இத்தாலியின் மச்செராத்தா நகரில் மருந்து வணிகர் ஒருவரின் இல்லத்தில் மத்தேயு ரிச்சி பிறந்தார். சவேரியாரின் நிறைவேறாத ஆசையை இக்குழந்தை நிறைவேற்றும் என்று அன்று யார் அறிந்தார்?

மகன் வழக்கறிஞனாக வேண்டும் என்று தந்தை அவரை உரோமைக்கு அனுப்பினார். மகனோ 1571-இல் இயேசு சபையில் சேர்ந்தார். கணிதமும் வானநூலும் கற்றார். 1578-இல் கோவா வந்தடைந்தார். 1580-இல் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சி நகரில் குருப்பட்டம் பெற்றார். 1582-இல் மக்காவ் சென்று சீன மொழி பயின்றார். மறு ஆண்டில் ருஜ்ஜியேரி அடிகளாருடன் சீனத்தின் உள்நாட்டு நகரான சாவோசிங்கில் குடியேறினார்.

தொடக்கம் கடினமாகவே இருந்தது. அயலார் அவர்களது வீட்டின்மீது கல்லெறிந்தனர். 1589-இல் புதிய ஆளுநர் அவரை ஊரைவிட்டே வெளியேற்றினார். அடுத்து அவர் தங்கிய நகரில் 1592-இல் ஓரிரவு முரடர்கள் வீடு புகுந்து தாக்க, சன்னல் வழியே குதித்ததில் காலில் பலத்த காயம் ஏற்பட்டது. ஆயினும் அவர் நாடு திரும்பவில்லை. அம்மக்களின் பழம்பெரும் நூல்களை மனப்பாடமாகக் கற்றார். 1595 முதல் அந்நாட்டு அறிஞரின் உடையை அணிந்தார். அவ்வாண்டிலேயே நான்சாங் நகரில் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார். நட்பைப் பற்றியது அந்நூல். அது கைமாறிக் கைமாறிப் பரவி, அவருக்குப் பல வாயில்களைத் திறந்துவிட்டது.

1601-இல் மணிப்பொறிகளையும் தேவ தாயின் படத்தையும் மற்ற காணிக்கைகளையும் பேரரசருக்கு அளித்து, பெய்ஜிங் நகரில் தங்க இசைவு பெற்றார். பேரரசரை நேருக்கு நேர் அவர் கண்டதே இல்லை. ஆனால் நாள்தோறும் அறிஞர்களும் அதிகாரிகளும் அவர் இல்லம் தேடி வந்தனர். வந்தவர்களை வரவேற்பதும், பின் அவர்கள் வீட்டிற்குத் தாமே சென்று வருவதும் அவரது அன்றாடப் பணியாயிற்று. 1603-இல் சின்னப்பர் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற ஷூ குவாங்சி என்னும் பேரறிஞரோடு அமர்ந்து, யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீனத்தில் மொழிபெயர்த்து 1607-இல் வெளியிட்டார்.

அந்த நட்புகளுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லீ சிசாவ் என்பவர் கல்வியிற் சிறந்த அரசு அதிகாரி. அடிகளார் வரைந்த உலகப் படத்தை 1602-இல் பெரிய அளவில் அச்சிட உதவியவர் அவரே. நம் வேதத்தின் உண்மைகளை அவர் மனதார ஏற்றார், ஞானஸ்நானமும் விரும்பினார். ஆனால் மனைவி இருக்க, இன்னொருத்தியையும் அவர் இல்லத்தில் வைத்திருந்தார். உயர்குடியினரிடையே அது அந்நாட்டு வழக்கம். இத்தகைய செல்வாக்குள்ளவர் திருச்சபையில் சேர்ந்தால் எவ்வளவு நன்மை! சற்றே கண்ணை மூடிக்கொண்டால் போதும். அடிகளார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. திருமணத்தைப் பற்றிய ஆண்டவரின் கட்டளையை நண்பருக்காகத் தளர்த்தவில்லை. அதற்காக நண்பரை விலக்கவும் இல்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து நூல்கள் உருவாக்கினர், சேர்ந்தே கற்றனர். அடிகளார் காத்திருந்தார்.

1610-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீ கடும் நோயில் விழுந்தார். குடும்பத்தார் யாரும் பெய்ஜிங்கில் இல்லை. அடிகளாரே இரவு பகலாக அருகிருந்து, பெற்ற தாய்போல் பணிவிடை செய்தார். அந்தப் படுக்கையில்தான் லீயின் உள்ளம் முழுமையாக மாறியது. வாழ்வைச் சீர்செய்வதாக உறுதி கூறி, லெயோ, அதாவது நம் வழக்கில் சிங்கராயர், என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். இறைவன் அருளால் நோயும் நீங்கியது.

நண்பர் எழுந்தார், அடிகளார் சாய்ந்தார். அவ்வாண்டு அரசுத் தேர்வுக்காகத் தலைநகர் வந்த திரளான அறிஞர்களை இடைவிடாது வரவேற்றுக் களைத்த அவர், மே 11-ஆம் நாள் தமது 57-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். சிங்கராயர் போன்ற நண்பர்களின் முயற்சியால் பேரரசரே அவரது அடக்கத்திற்கு நிலம் வழங்கினார். அப்போது சீனத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேரே. ஆனால் மறு ஆண்டே சிங்கராயர் குருக்களைத் தம் சொந்த ஊரான ஹாங்சோவுக்கு அழைத்துச் சென்று அங்கே திருச்சபைக்கு வித்திட்டார்.

முன்னோருக்குச் சீனர் செலுத்தும் மரியாதை, குடும்பக் கடமையே என்று கருதி அடிகளார் அதை அனுமதித்தார். அவர் மறைவுக்குப்பின் இது பெரும் சர்ச்சையாகி, 1742-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை முற்றிலும் தடை செய்தார். 1939-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் அத்தடை பெருமளவு நீங்கியது. 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மத்தேயு ரிச்சியை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அன்பர்களே, நம் அயல் வீட்டார் பலர் வேற்றுச் சமயத்தார். அவர்கள் நோயுற்றால் யார் அருகிருப்பது? அவர்கள் வீட்டுத் துக்கத்தில் யார் உடன் நிற்பது? ஞானஸ்நானம் பெறுவாரா என்று கணக்குப் பார்த்து நட்புக் கொள்வது நட்பாகாது. நட்புக் கெட்டுவிடுமே என்று நம் விசுவாசத்தை மறைப்பதும் நேர்மையாகாது. நண்பரையும் இழக்காமல், ஆண்டவரையும் மறுக்காமல் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த அக்குருவின் பொறுமையை இந்த யூபிலி ஆண்டில் நமக்கும் தந்தருளுமாறு இறைவனை மன்றாடுவோம்.